ஆடும் வீட்டை அடக்கும் குழாய்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரிலிருந்து மேற்கே லஃபாயெட் போகிறவர்கள் அட்சாஃபலாயா சதுப்புநிலத்தை ஒரு நெடும் பாலத்தின் மேல் கடக்கிறார்கள். 1973-இல் திறந்த பாலம், நீளம் 18.2 மைல், அதாவது 29 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கீழே கருத்த நீர், அதில் இடுப்பளவு மூழ்கி நிற்கும் சைப்ரஸ் மரங்கள். காரில் போகிறவருக்குக் கண் குளிரும் இருபது நிமிடம் அது. மோட்டார் ஹோம் ஓட்டி வருகிறவருக்கு வேறு அனுபவம் காத்திருக்கலாம். இதுபோன்ற நெடும் பாலங்களில் தூணுக்குத் தூண் தளம் மிக லேசாகத் தொய்ந்து எழும். அந்தத் தாளமும் வண்டியின் தாளமும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், பத்து டன் வண்டி அலையில் சிக்கிய வள்ளம் போல ஆடத் தொடங்கும். மூக்கு எழும்போது வால் அமுங்கும், வால் எழும்போது மூக்கு அமுங்கும். பின்னால் அலமாரிக்குள் தட்டுகள் கிணுகிணுக்கும். ஓட்டுகிறவரின் பிடி ஸ்டீயரிங்கில் இறுகும்.

அன்றைக்கு இரவு முகாமில் வண்டியை நிறுத்தியதும் பெரும்பாலும் ஒரே முடிவுதான் எடுக்கப்படுகிறது: ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டும்.

அந்த முடிவு சில வண்டிகளுக்கு அருமையான பலனைத் தருகிறது. சில வண்டிகளில் ஆயிரம் டாலர் செலவழிந்தும் ஆட்டம் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஷாக்கின் தரத்தில் இல்லை. வண்டியின் எந்த நோய்க்கு அந்த மருந்து என்று உரிமையாளர் தெரிந்து வாங்கினாரா என்பதில் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு மோட்டார் ஹோம் என்றவுடன் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் கேரவன் நினைவுக்கு வரும். உள்ளே படுக்கை, கழிவறை, குளிர்சாதனம் எல்லாம் இருப்பதில் இரண்டும் ஒன்றே. ஆனால் அமெரிக்க மோட்டார் ஹோம் ஓரிடத்தில் நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஓய்வுபெற்ற தம்பதியர் அதிலேயே குடியிருந்து கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டிப்போவார்கள். பேருந்து போன்ற முகத்தோடு வருவது ஏ வகுப்பு. வேனுக்குள்ளேயே அமைந்தது பி வகுப்பு. லாரி முகப்பை வைத்துக்கொண்டு அதன் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டியிருப்பது சி வகுப்பு. 1958-இல் தொடங்கி 1966 முதல் மோட்டார் ஹோம் செய்துவரும் வின்னபேகோ நிறுவனம் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் பிறந்தது. இத்தொழிலின் பெரும்பகுதி இன்று இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் குவிந்திருக்கிறது.

ஆட்டத்தின் வேர் இந்தத் தொழில் நடக்கும் முறையிலேயே இருக்கிறது. வீட்டைக் கட்டுகிறவர் வேறு, அடிச்சட்டத்தைச் செய்கிறவர் வேறு. பெட்ரோலில் ஓடும் ஏ வகுப்பு வண்டிகளில் மிகப் பலவற்றின் அடியில் இருப்பது ஃபோர்டு எஃப்-53 சேஸி. சட்டம், இன்ஜின், அச்சுகள், சக்கரங்கள், ஒரு ஸ்டீயரிங், அவ்வளவுதான். மேலே ஒன்றும் இருக்காது. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், அதாவது நம் லாரிகளில் அடுக்கடுக்காகப் பார்க்கிற அதே எஃகுப் பட்டைகள். மொத்த எடை சுமார் 8 டன்னிலிருந்து கிட்டத்தட்ட 12 டன் வரை தாங்கும்படி பல அளவுகளில் வருகிறது. இதன் உடன்பிறப்பான எஃப்-59 ரொட்டி வண்டிகளுக்கும் பார்சல் வண்டிகளுக்கும் அடித்தளம். சேஸி ஆலைக்குத் தன் மேல் யார் என்ன கட்டப்போகிறார்கள் என்று தெரியாது. முப்பது அடி வீடா, முப்பத்தாறு அடியா, குளிர்பதனப் பெட்டி இடப்பக்கமா வலப்பக்கமா, தண்ணீர்த் தொட்டி பின்னச்சுக்கு முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் பிறகு வேறோர் ஊரில் முடிவாகும் காரியங்கள். ஆகவே ஆலை பொருத்தும் ஷாக் எல்லாருக்கும் சுமாராகப் பொருந்துகிற, விலை குறைந்த ஒன்றாகவே இருக்கும்.

பார்சல் வண்டி காலையில் நிறைந்து கிளம்பி மாலையில் காலியாகத் திரும்பும். மோட்டார் ஹோமுக்கு அந்த இளைப்பாறல் இல்லை. கட்டில், சமையல் மேடை, ஜெனரேட்டர், பேட்டரி என்று ஆண்டு முழுக்க முழுச்சுமை. நூறு கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அது மட்டுமே 378 கிலோ. நிறுத்திய இடத்தில் பக்கவாட்டில் இழுத்து நீட்டிக்கொள்கிற அறைகள் வந்தபிறகு எடை ஒரு பக்கமாகச் சாய்வதும் சேர்ந்துகொண்டது. இத்தனையும் ஏறத்தாழ பன்னிரண்டு அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது.

இனி குழாய்க்கு வருவோம். ஷாக் அப்சார்பர் என்ற பெயர்தான் பாதிக் குழப்பத்தின் தாய். தமிழில் அதிர்வு ஏற்பி என்று பெயர்த்தபோது அந்தப் பிழையும் கூடவே வந்துவிட்டது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அது அல்ல. குழியில் விழுந்த அடியை முதலில் வாங்குவது டயர், அடுத்து ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங் வாங்கியதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாது. உடனே திருப்பித் தள்ளும். தள்ளிய வேகத்தில் எல்லையைத் தாண்டிப் போகும், மறுபடி அமுங்கும், மறுபடி எழும். ஊஞ்சலை ஒருமுறை உந்திவிட்டால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பதைப் போல. ஊஞ்சலில் இருப்பவர் காலைத் தரையில் உரசினால் இரண்டே வீச்சில் நின்றுவிடும் அல்லவா? ஷாக் அப்சார்பர் அந்த உரசும் கால். எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும். அவற்றின் வழியே எண்ணெய் நெருக்கிப் பிதுங்கும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிக் குழாயின் சுவர் வழியே காற்றில் கலக்கிறது. பிரிட்டனில் இதைத் தணிப்பான் என்ற பொருளில் டேம்ப்பர் என்று அழைப்பது இன்னும் நேர்மையான பெயர்.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி கிடைக்கிறது. மெத்தையில் போவது போன்ற சுகத்தை எதிர்பார்த்து ஷாக் வாங்குகிறவர் ஏமாறக்கூடும். நல்ல ஷாக் முதலில் தருவது அடக்கம். சுகம் அதன் பின்விளைவு.

நுணுக்கமான சிக்கல் அடுத்துதான் வருகிறது. ஒரே குழாய் இரண்டு வேலை பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வண்டியின் உடல் எழுந்து தாழ்வது மெதுவான அசைவு. நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. சக்கரமும் அச்சும் துடிப்பது வேகமான அசைவு. நொடிக்குப் பத்து முறை, சில வண்டிகளில் அதற்கு மேலும். உடலின் மெதுவான ஆட்டத்துக்கு ஷாக் விறைப்பாக நிற்க வேண்டும். கான்கிரீட் பலகைகளின் மூட்டில் சக்கரம் திடீரென்று மேலே அடிபடும்போது அதே ஷாக் இளகிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அடி அப்படியே சட்டத்துக்கும் நாற்காலிக்கும் ஏறிவிடும். மணிக்கு 60 மைல் வேகத்தில் வண்டி நொடிக்கு 88 அடி ஓடுகிறது. 15 அடிக்கு ஒரு மூட்டு உள்ள சாலையில் நொடிக்கு ஏறத்தாழ ஆறு இடிகள். அதே வேகத்தில் பாலத்தின் தொய்வு 66 அடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஒன்றேகால் அலைகளுக்குச் சற்றே மேல். அது வண்டியின் உடல் இயல்பாகவே ஆட விரும்பும் தாளம். பாலத்தின் மேல் வண்டி வள்ளமாவது இப்படித்தான்.

பிஸ்டனில் வெறும் துளை மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். எண்ணெயின் வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். மெதுவான ஆட்டத்தில் சோம்பலும் வேகமான அடியில் கல்லும் போல நடந்துகொள்ளும் ஷாக்தான் கிடைக்கும். வேண்டியது நேர் எதிர். அதனால்தான் துளைகளின் மேல் மெல்லிய எஃகு வட்டுகளை அடுக்கி வைக்கிறார்கள். அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் வட்டுகள் வளைந்து எண்ணெய்க்கு அகலமாக வழிவிடும். எத்தனை வட்டுகள், என்ன தடிமன், என்ன விட்டம் என்ற அந்த அடுக்கில்தான் ஒரு நிறுவனத்தின் கைப்பக்குவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இரண்டு ஷாக்குகள் வெளியே பார்க்க இரட்டையர் போல இருக்கலாம். உள்ளே வட்டடுக்கு மாறினால் குணமும் மாறிவிடும்.

இந்த இடத்துக்கு வர நீண்ட காலம் பிடித்தது. குதிரை வண்டிக் காலத்தில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே போதுமான தணிப்பாக இருந்தது. கார்கள் வேகமெடுத்ததும் அது போதவில்லை. பிரான்சில் த்ரூஃபோ உருவாக்கிய உராய்வுத் தணிப்பானை அமெரிக்காவில் எட்வர்டு ஹார்ட்ஃபோர்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பினார். மரவட்டையும் தோலையும் நெருக்கி உரசவிடுகிற பொறி. பிரெஞ்சுக்காரர் மொரீஸ் ஊதாய் எண்ணெயைக் கொண்டுவந்தார். கிளீவ்லாந்து நகரின் கிளாடு ஃபாஸ்டர் கார் ஹாரனுக்கு வைத்த பெயர் கேப்ரியல். பிறகு அவர் ஸ்பிரிங் துள்ளலை அடக்கும் கருவிகளையும் செய்தார், பெயர் தொடர்ந்தது. அந்தப் பெயரைத் தாங்கி 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா இன்று ஓசூரிலும் ஆலை நடத்துகிறது என்பதால் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் அடியில் அந்த வரலாற்றின் கிளை ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் ஷாக் பரவியபின் எழுந்த தலைவலி நுரை. குழாய்க்குள் குழாய் வைத்த இரட்டைக் குழாய் அமைப்பில் எண்ணெய்க்கு மேல் கொஞ்சம் காற்றோ வாயுவோ இருக்கும். மணிக்கணக்கில் ஆடினால் காபி ஆற்றும்போது நுரைப்பதைப் போல எண்ணெய் நுரைத்துவிடும். நுரை எளிதில் அமுங்கும். பிஸ்டன் வெறுமையைத் தள்ளுவது போலாகி ஷாக் பிடி விட்டுவிடும். 1953-இல் பிரான்சின் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் ஒற்றைக் குழாய் அமைப்பைத் தந்தார். எண்ணெயையும் நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரிக்கிறது. நைட்ரஜன் இருபது மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் நெருக்கி நிற்பதால் நுரைக்க இடமில்லை. வெளிச்சுவர் ஒன்றே என்பதால் சூடும் விரைவாக வெளியேறுகிறது. ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ் கார்களுக்கு இதைத் தொழில்முறையில் செய்து கொடுத்தது. ஒரு குறையும் உண்டு: இரட்டைக் குழாயின் வெளிச்சுவரில் கல்லடி பட்டு நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும், ஒற்றைக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

இன்று மோட்டார் ஹோம் உரிமையாளர்கள் ஷாக் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு இரண்டு பெயர்களைச் சுற்றியே வரும். ஒன்று பில்ஸ்டீன், மற்றொன்று நெதர்லாந்தின் கோனி. குதிரைகளுக்குச் சேணமும் வாரும் செய்யும் கடையாக 1857-இல் தொடங்கியது கோனி. வண்டிக்கும் குதிரைக்கும் நடுவே இருந்த இழுவிசையைக் கவனித்த கைகளின் வாரிசுகள் பிற்பாடு சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே உள்ளதைக் கவனித்தார்கள். பில்ஸ்டீன் வழி எளிமையானது: ஒற்றைக் குழாய், உயர் அழுத்த வாயு, மெதுவான அசைவிலேயே சட்டென்று விறைக்கும் வால்வு. வளைவில் நுழையும்போது, பிரேக் போடும்போது, தடம் மாறும்போது வண்டி உடனே கட்டுப்படுகிறது. கோனியின் எஃப்.எஸ்.டி. வகை ஷாக் வேறு வழியில் போகிறது. பிஸ்டனில் எண்ணெய்க்கு இரண்டாவது பாதை ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வீச்சு நீளும்போது சிறு அறை ஒன்றில் அழுத்தம் ஏறி அந்தப் பாதையை மூடும், ஷாக் விறைக்கும். குறுகிய, வேகமான துடிப்பில் அழுத்தம் ஏற நேரமே இருக்காது. பாதை திறந்தே இருக்கும், ஷாக் இளகிக்கொடுக்கும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. எண்ணெயும் நேரமும் மட்டுமே சேர்ந்து எது உடலின் ஆட்டம், எது சக்கரத்தின் துடிப்பு என்று பிரித்துக்கொள்கின்றன. இந்தக் கட்டுரையில் வரும் கருவிகளில் மிக அழகிய சிந்தனை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

எது மேல் என்று ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. விரிசலும் ஒட்டுமாக இருக்கும் கான்கிரீட் சாலைகளில் அதிகம் ஓட்டுகிறவருக்குக் கோனியின் வழி பொருந்தும். மலைச்சாலையில் கனமான வண்டியைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவருக்குப் பில்ஸ்டீன் வழி பிடிக்கும். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: ஆலையிலிருந்து வந்து பத்தாண்டு கண்ட ஷாக்கிலிருந்து இந்த இரண்டில் எதற்கு மாறினாலும் வேறுபாடு தெரியும். பெட்ரோல் பங்க் நுழைவாயிலில் வண்டியைக் கோணலாக ஏற்றும்போது அது சட்டென்று விளங்கும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறும்போது உயரமான உடல் இடமும் வலமும் வெட்டி ஆடும். அமர்ந்திருப்பவரின் தலை சன்னலில் மோதப் போகும். நல்ல ஷாக் அந்த வெட்டை மெதுவான சாய்வாக மாற்றிவிடும்.

ஆனால் சாய்வை நிறுத்தாது. பலர் பணத்தை விடும் இடம் இது. ஷாக் அசைவின் வேகத்தை மட்டுமே எதிர்க்கிறது, அசைவின் அளவை அல்ல. நீண்ட வளைவில் வண்டி சாய்ந்து ஒரு நிலைக்கு வந்துவிட்டால் பிஸ்டன் நகராது. நகராத பிஸ்டன் எதையும் எதிர்க்காது. ஷாக் மாற்றும் முன் எத்தனை டிகிரி சாய்ந்ததோ அத்தனை டிகிரி மாற்றியபின்னும் சாயும், கொஞ்சம் நிதானமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். சாய்வைக் குறைப்பது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் சாய்வுத் தடைக் கம்பி. எஃப்-53 வண்டிக்காரர்களிடையே இது பற்றி ஒரு மலிவு வைத்தியம் புகழ்பெற்றது. அந்தக் கம்பியின் முனையில் இணைப்புக் கோல் பொருந்த இரண்டு துளைகள் இருக்கும். வெளித்துளையிலிருந்து உள்துளைக்கு மாற்றினால் கம்பியின் கை குறுகுகிறது, கம்பி விறைக்கிறது. ஒரு பைசா பாகச் செலவில்லை. வேண்டியது ஒரு மாலை நேரமும் பெரிய ஸ்பேனரும். ஷாக்குக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்து பார்த்து, அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு.

வண்டி நேராக ஓடாமல் இடமும் வலமும் அலைவது இன்னொரு நோய். அதற்கும் ஷாக்கின் மேல் பழி போடுவது வழக்கம். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பி-30 சேஸியில் ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பாதையில் பெல் கிராங்க் என்ற வளைந்த கைகள் உண்டு. அவற்றின் புஷ் தேய்ந்தால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலும் சக்கரம் அசையாது; ஓட்டுநர் நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருப்பார். எத்தனை உயர்ந்த ஷாக் போட்டாலும் அந்தத் தேய்வை அது தொடப்போவதில்லை. பின்னச்சு பட்டைகளின் மேல் பக்கவாட்டில் நெளிவதும் அப்படித்தான். அதற்குத் தேவை சட்டத்தையும் அச்சையும் குறுக்கே பிணைக்கும் கம்பி. முன்சக்கரக் கோணங்கள் சரியில்லாவிட்டால் அலைன்மெண்ட் பார்க்கிறவரிடம்தான் போக வேண்டும்.

பெரிய லாரி கடந்து போகும்போது வண்டி முதலில் தள்ளப்பட்டுப் பிறகு உறிஞ்சப்படுவது வண்டியின் உருவத்திலேயே எழுதியிருக்கும் குணம். நம் ஊர்ப் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வேகத்தடையில் தூக்கியெறியப்பட்டவர்களுக்குப் பின்னச்சுக்குப் பின்னால் நீளும் வாலின் பலம் என்னவென்று தெரியும். மோட்டார் ஹோம்களில் அந்த வால் பத்தடியைத் தாண்டுவது சாதாரணம். 32 அடி வண்டிக்கு அச்சிடை நீளம் 208 அங்குலம் என்றால் மொத்த நீளத்தில் 54 விழுக்காடு. 36 அடி வண்டிக்கு 228 அங்குலம் என்றால் 53-க்கும் கீழே. அனுபவசாலிகள் வண்டி வாங்கும் முன்பே இந்த வகுத்தலைச் செய்து, விழுக்காடு ஐம்பதுகளின் நடுவுக்குக் கீழே போனால் யோசிப்பார்கள். இதுவும் முழு உண்மையல்ல. 1973 முதல் 1978 வரை வந்த ஜி.எம்.சி. மோட்டார் ஹோமின் 26 அடி வடிவத்துக்கு அச்சிடை 160 அங்குலம், 51 விழுக்காடுதான். ஆனாலும் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதன் ஓட்டத்தை வியந்து பேசுகிறார்கள். காரணம், முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி அது. பின்னால் குறுக்கே அச்சே கிடையாது. பக்கத்துக்கு இரண்டு பின்சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு காற்றுப் பை. தளம் தரையை ஒட்டித் தாழ்ந்தது. முதலிலேயே வீட்டுக்காக வரைந்த சேஸியும், ரொட்டி வண்டியிலிருந்து கடன் வாங்கிய சேஸியும் வேறு வேறு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் தொடக்கம் எங்கே? எடைமேடையில். அமெரிக்க நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் 1977 முதல் இயங்கிவரும் கேட் எடைமேடைகளில் சில டாலருக்கு ஒவ்வோர் அச்சின் எடையும் தனித்தனியாக அச்சாகிக் கிடைக்கும். நான்கு மூலைகளையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தண்ணீரும் எரிபொருளும் சாமானும் ஆளுமாக, பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே எடை போட வேண்டும். கிடைத்த எண்ணை டயர் நிறுவனத்தின் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் எத்தனை அழுத்தம் வேண்டும் என்று தெரியும். மிகப் பலர் டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் உச்ச எண்ணுக்கே காற்றடித்துவிடுகிறார்கள். டயர்தான் வண்டியின் முதல் ஸ்பிரிங். அதைக் கல்லாக்கிவிட்டு ஷாக்கிடம் மென்மையைக் கேட்பதில் நியாயமில்லை. இன்னொரு பக்கம், குறைவான காற்றில் சூடேறிய டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால் அது உயிர்ப் பிரச்சினை. அதனால் ஊகம் வேண்டாம், அட்டவணைதான். எடைச்சீட்டில் அச்சின் தாங்கும் அளவு மீறியிருந்தால் சாமானை இறக்குவது ஒன்றே வழி. புது ஷாக்கோ, துணை ஸ்பிரிங்கோ, காற்றுப் பையோ ஒரு கிலோகூட வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடையைக் கூட்டாது. கடைகளில் இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. உரக்கச் சொல்ல வேண்டியது இதுதான்.

பின்னால் டீசல் இன்ஜின் வைத்த பெரிய வண்டிகளின் கதை கொஞ்சம் வேறு. தென் கரோலினாவின் காஃப்னியில் ஃப்ரைட்லைனர் செய்யும் சேஸி போன்றவற்றில் பட்டைகளுக்குப் பதில் காற்றுப் பைகள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசித் தாமே கொஞ்சம் ஆட்டத்தைக் குறைக்கும். காற்றுப் பைக்கு அந்தக் குணம் அநேகமாக இல்லை. எனவே ஷாக் தளர்ந்தால் வண்டி உடனே மிதக்கத் தொடங்கும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பை அளவுக்கு மீறி நீளாமல் பிடித்து நிறுத்துவதும் பல அமைப்புகளில் ஷாக்தான். செத்த ஷாக் பையையும் சாகடிக்கும். ஆனால் இங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது உயர வால்வு. வண்டி நிற்க வேண்டிய உயரத்துக்கு ஓரிரு அங்குலம் தாழ்ந்து நின்றால் பைகளுக்கு அமுங்க இடம் போதாது, ஒவ்வொரு குழியும் முட்டும். அளவுகோலை எடுத்து உயரத்தைத் திருத்தியதிலேயே பாதிப் புகார் தீர்ந்துவிடுவதுண்டு. இவ்வகை வண்டியின் அடியில் தாங்கு கட்டைகள் வைக்காமல் ஒருபோதும் தலையை நுழைக்கக் கூடாது. காற்று இறங்கினால் வண்டி முன்னறிவிப்பின்றி இறங்கும்.

ஐரோப்பாவில் நிலைமை மாறுகிறது. அங்கே பெரும்பாலானவை ஃபியட் டுக்காட்டோ வேனின் மேல் கட்டியவை. பலரின் ஓட்டுநர் உரிமம் அனுமதிக்கும் 3,500 கிலோவுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய நெருக்கடி. ஜெர்மனியின் அல்-கோ நிறுவனம் டுக்காட்டோவின் பின்பாதிச் சட்டத்தையே எடுத்துவிட்டு, தாழ்ந்த, இலேசான சட்டத்தையும் பட்டை இல்லாத வேறு அச்சையும் பொருத்தித் தருகிறது. ஷாக்கில் கை வைப்பதற்கு முன்பே அடித்தளத்தை மாற்றும் வழி அது.

இருக்கிற ஷாக் செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்வது எப்படி? காரின் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை பத்து டன் வண்டியில் நடக்காது. குழாயில் இலேசான எண்ணெய்ப் பூச்சு தெரிவது இயல்பு. சொட்டினாலோ ஒழுகினாலோ முடிந்தது. டயரின் ஓரத்தில் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாலையில் குதித்து ஓடியிருக்கிறது என்று பொருள். மன்றோ போன்ற நிறுவனங்கள் கார்களுக்கு 50,000 மைலில் மாற்றச் சொல்கின்றன. மோட்டார் ஹோம் ஆண்டுக்குச் சில ஆயிரம் மைல்தான் ஓடும் என்பதால் அந்த எண்ணை எட்டும் முன்பே ரப்பர் சீல்கள் வயதாகிவிடும். மைலை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது இங்கே தப்புக் கணக்கு.

மாற்றும் வேலை கடினமல்ல. ஆனால் வலிமையைக் கேட்கிறது. உப்புத் தூவிய குளிர்கால சாலைகளைக் கண்ட போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வைப்பது நல்லது. வாயு ஷாக்கைக் கட்டியிருக்கும் பட்டியை ஒரு முனை பொருந்தும் முன் வெட்டினால் அது முழுநீளத்துக்கு விரிந்துகொள்ளும். பிறகு கையால் அமுக்கிப் பொருத்துவது பெரும்பாடு. முனைகளின் ரப்பர் புஷ்ஷை வண்டி தன் சக்கரத்தில் தன் உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றுவது நலம். வசதியில்லாதபோது ஓர் அச்சின் இரண்டையுமாவது ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக ஓட்டுவது கூடவே கூடாது.

இந்தக் கருவியின் முழு வேலையையும் ஒரே சாலையில் பார்க்க வேண்டுமானால் அலாஸ்கா நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942-இல், அமெரிக்க ராணுவம் சில மாதங்களில் வெட்டிய பாதை அது. கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை. ஒவ்வொரு கோடையிலும் மோட்டார் ஹோம்கள் சாரி சாரியாக வடக்கே ஏறுகின்றன. யூக்கான் பகுதியில் டிஸ்ட்ரக்‌ஷன் பே என்ற ஊருக்கும் பீவர் கிரீக்குக்கும் நடுவே தரைக்கு அடியில் நிரந்தரப் பனிமண். அது உறைந்து உப்பியும் உருகி அமிழ்ந்தும் தார்ச்சாலையை அலை அலையாக்கி வைத்திருக்கிறது. அந்த அலையில் வேகமாக ஏறினால் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, மறுகரையில் வண்டியை வானத்துக்கு எறியப் பார்க்கும். அப்போது ஷாக் மேலெழும் வீச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலெழும் வீச்சுக்கான எதிர்ப்பை அமுங்கும் வீச்சைவிடக் கூடுதலாகவே வைத்துச் செய்வது இதற்காகத்தான். அங்கே அனுபவமுள்ளவர்கள் முதலில் வேகத்தைக் குறைக்கிறார்கள். பிறகு பீவர் கிரீக்கில் வண்டியை நிறுத்தியதும், பெட்ரோல் போடும் முன்பே, சிவப்பு ஒளி வெப்பமானியோடு வண்டியின் அடியில் குனிகிறார்கள். சட்டத்தைவிட நன்றாகச் சூடேறியிருக்கும் குழாய் உழைத்திருக்கிறது. நான்கில் மூன்று சூடாகவும் ஒன்று மட்டும் சட்டத்தைப் போலவே குளிர்ந்தும் இருந்தால், மாற்ற வேண்டிய அச்சு எது என்று தெரிந்துவிடும்.